கேனா, பலூனா, விண்கலமா: ஒரு மலைக் கல்லூரிக் குழுவின் கணக்கு

எங்கள் இயற்பியல் ஆய்வகக் கரும்பலகையில் மூன்று வாரமாக நான்கு பெயர்கள் அழியாமல் இருக்கின்றன: கேன்சாட் (குளிர்பானக் கேனுக்குள் அடங்கும் கருவி), பலூன், போயம் (ராக்கெட்டின் கடைசி நிலையிலேயே ஒட்டிக்கொண்டு சுற்றும் கருவி), கியூப்சாட் (பத்து சென்டிமீட்டர் பெட்டிச் செயற்கைக்கோள்). கூட்டிப் பெருக்க வரும் அக்காவிடம் பிள்ளைகள் “இதை மட்டும் துடைச்சிடாதீங்கக்கா” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஊட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் ஒன்பது மாணவர்கள், ஆசிரியன் என்ற பெயரில் நான், இரண்டு சால்டரிங் அயர்ன், மழைக்காலத்தில் கதவு மூடாத ஓர் அறை. இவ்வளவுதான் குழு. சின்னதாக ஒரு செயற்கைக்கோள் கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எதைச் செயற்கைக்கோள் என்று சொல்வது என்பதில்தான் சண்டை. கூடலூரிலோ கொடைக்கானலிலோ இதே யோசனையில் யாராவது உட்கார்ந்திருக்கலாம் என்பதால் எங்கள் கணக்கை எழுதி வைக்கிறேன். எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

முதலில் காலண்டர்

எவ்வளவு செலவாகும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்த்தது காலண்டரை. ஐ.ஐ.டி. பம்பாய் மாணவர்களின் ‘பிரதம்’ 2007-ல் தொடங்கி, 2016 செப்டம்பர் 26 அன்றுதான் மேலே போனது. புனே பொறியியல் கல்லூரியின் ‘ஸ்வயம்’ ஒரு கிலோதான். அதுவும் 2008-ல் தொடங்கி 2016 ஜூன் 22 வரை காத்திருந்தது. முதல் சர்க்கியூட்டை வரைந்த பையன், ஏவிய அன்று தன் பிள்ளைக்கு எல்.கே.ஜி. சீட் தேடிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல வரலாறே உண்டு. 2009 ஏப்ரல் 20-ல் போன அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவான முதல் செயற்கைக்கோள். 2011-ல் எஸ்.ஆர்.எம்.சாட், 2016-ல் ஸ்வயம் போன அதே ராக்கெட்டில் சத்யபாமாசாட், 2017-ல் குமாரகோவில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியுசாட். இவற்றுக்குப் பின்னால் பெரிய வளாகங்களும், இஸ்ரோவின் வழிகாட்டலும், ஆண்டுக்கணக்கில் அதே நாற்காலியில் இருந்த பேராசிரியர்களும் இருந்தார்கள். எங்களிடம் இருப்பது நான்கு செமஸ்டர். அதிலும் இரண்டு, மழையில் பாதி கரைந்துவிடும்.

கியூப்சாட் ஆசை

ஒன்பது பேரில் ஐந்து பேர் இதற்குத்தான் கை தூக்கினார்கள். தப்பு சொல்ல முடியாது. பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கனசதுரம், 1999-ல் ஜோர்டி புயிக்-சுவாரியும் பாப் ட்விக்ஸும் மாணவர்களை மனதில் வைத்தே வகுத்த அளவு. கையில் எடுத்துப் பார்த்தால் ஊறுகாய் ஜாடி அளவுக்குத்தான் இருக்கும். அதற்குள் சூரியத் தகடு, பேட்டரி, கணினி, ரேடியோ, ஆன்டெனா எல்லாம் சொந்தமாக. யாரையும் சார்ந்திராத முழுச் செயற்கைக்கோள்.

கட்டுவதுகூடக் கஷ்டமில்லை, இன்று பாகங்கள் கிடைக்கின்றன. சோதிப்பதுதான் வேலையின் முக்கால் பங்கு. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறு நிமிடம். அதில் ஒரு மணி நேரம் வெயில், மீதி நேரம் பூமியின் நிழல். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை இப்படிக் கொதித்தும் உறைந்தும் வருகிற பெட்டிக்குள் லித்தியம்-அயான் பேட்டரி பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சார்ஜ் ஆகிவிட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். பசை, பிளாஸ்டிக், ஒயர் உறை எல்லாம் வெற்றிடத்தில் ஆவி விடும். அந்த ஆவி கேமரா கண்ணாடியில் போய்ப் படியும். ராக்கெட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்ட பிறகு முக்கால் மணி நேரம் ரேடியோ வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஆன்டெனா பெரும்பாலும் இஞ்ச் டேப் மாதிரி ஒரு எஃகுப் பட்டை. அதை மடக்கி மீன்பிடி நரம்பால் கட்டி வைத்து, மேலே போனதும் நிக்ரோம் கம்பியைச் சூடேற்றி நரம்பை அறுக்க வேண்டும். நரம்பு அறுபடாவிட்டால் கதை முடிந்தது. கீழே நிற்கும் நமக்கு அது அறுபடவில்லை என்பதுகூடத் தெரியாது.

இதில் எவ்வளவை மலையில் செய்ய முடியும்? நாங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம்தான். குளிருக்கு ஐஸ்கிரீம் கடை ஃபிரீசர் இருக்கிறது, மைனஸ் 20 வரை போகும். வெற்றிடத்துக்கு ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கும் பம்பு, கனமான எவர்சில்வர் பாத்திரம், தடித்த அக்ரிலிக் மூடி. இது விண்வெளி வெற்றிடத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஒரு பாடம் கற்பிக்க அது போதும்: மேசையில் இளஞ்சூடாக ஓடிக்கொண்டிருந்த வோல்டேஜ் ரெகுலேட்டர், பாத்திரத்துக்குள் பத்தே நிமிடத்தில் தொட முடியாத சூட்டுக்குப் போனது. சூட்டைக் கொண்டுபோக அங்கே காற்று இல்லை. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு, காற்றழுத்தம் எதையெல்லாம் மாற்றும் என்று இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதிர்வுதான் இடிக்கிறது. அதற்கான ஷேக்கர் மேசைக்குக் கோவைக்கோ பெங்களூருக்கோ இறங்க வேண்டும். ஒருமுறை போர்டை டிபன் பாக்ஸில் வைத்துக் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கொண்டுபோனோம். இறங்கித் திறந்து பார்த்தால் இரண்டு ஜம்பர் ஒயர் கழன்று கிடந்தன. கொண்டை ஊசி வளைவுக்கே இந்த நிலை என்றால் ராக்கெட் என்ன செய்யும் என்று அன்று இரவு எல்லோரும் ஒயரை விட்டு நேரடி சால்டரிங்குக்கு மாறினார்கள். மலைக்கே உரிய இன்னொரு தொல்லை, மூடுபனி. குளிர்ந்த போர்டை வெளியே எடுத்த மறு நிமிடம் அதன் மேல் நீர் பூத்துவிடும். சிலிக்கா ஜெல் பையும் மூடிபோட்ட டப்பாவும் இல்லாமல் ஜூலையில் எதையும் திறக்காதீர்கள்.

இவற்றோடு காகித வேலை: தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அங்கீகாரம், அலைவரிசைக்குச் சர்வதேச அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் ஒருங்கிணைப்பு, டெல்லியில் வயர்லெஸ் பிரிவின் உரிமம். எதுவும் செய்ய முடியாததல்ல. எல்லாம் வரிசையில் நிற்கும் வேலை, அவ்வளவுதான்.

முதல் முறை கட்டும் பல்கலைக்கழகக் குழுக்களின் கியூப்சாட்களில் கணிசமானவை மேலே போன பிறகு ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேட்டரியா, ஆன்டெனாவா, மென்பொருளா என்று பிரித்துப் பார்க்க அந்தப் பெட்டி கைக்குத் திரும்பி வரப்போவதில்லை. ஐந்து வருடம் வேலை செய்து, கடைசியில் ஏன் என்ற கேள்வியோடு நிற்பது ஒரு மூத்த குழுவுக்குச் சரியாக இருக்கலாம். எங்கள் குழுவுக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

போயம்: ராக்கெட்டின் வாலில் ஓர் இடம்

இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசிப் பகுதியான நான்காம் நிலை, தன் வேலை முடிந்த பிறகு வெறும் குப்பையாகச் சுற்றும். அதையே ஒரு மேடையாக்கி, மேலே சின்னச் சின்னக் கருவிகளைப் பொருத்துவதுதான் போயம். 2022 ஜூன் 30-ல் பி.எஸ்.எல்.வி. வரிசையின் சி53 ராக்கெட்டில் முதல் முறை வந்தது. மின்சாரம், நிலைப்பாடு, தரைக்குத் தகவல் அனுப்பும் வழி எல்லாவற்றையும் மேடை தரும். நாம் கருவியை மட்டும் கொண்டுபோனால் போதும். 2024 ஜனவரி 1-ல் சி58-ல் போன போயம்-3-ல் திருவனந்தபுரம் எல்.பி.எஸ். மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகள் புறஊதாக் கதிரை அளக்கக் கட்டிய வீசாட் இருந்தது. பக்கத்து மாநிலத்தில் இருக்கிற கல்லூரிதானே, நம்மால் ஏன் முடியாது என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி.

நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் இதில் உண்டு. சி53 போன பாதை நிலநடுக்கோட்டுக்கு வெறும் 10 டிகிரி சாய்வு. ஊட்டி இருப்பது 11.4 டிகிரி வட அட்சத்தில். அப்படிப்பட்ட பாதையில் சுற்றும் எதுவும் ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் நம் தொடுவானத்துக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். துருவப் பாதைச் செயற்கைக்கோள் என்றால் ஒரு நாளைக்கு உருப்படியாக நான்கைந்து முறைதான். ஆனால் பாதையை முடிவு செய்வது முதன்மைச் செயற்கைக்கோள். 2024 டிசம்பர் 30-ல் போன சி60 போயமின் சாய்வு 55 டிகிரி. வண்டி எங்கே போகிறதோ அங்கேதான் நாமும்.

ஆயுள் குறைவு. போயம்-3, 2024 மார்ச் 21-ல் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துபோனது. ராக்கெட்டே தவறினால் எல்லாமே போச்சு: 2025 மே 18-ல் சி61 மூன்றாம் நிலையில் பழுதானது நினைவிருக்கும். அதற்கு முன் 2022 ஆகஸ்ட் 7-ல் இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம். அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் சேர்ந்து கட்டிய ஆசாதிசாட் அதில்தான் போனது, சரியான பாதையை எட்டவில்லை. ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10-ல் ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையில் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் முதல் பெட்டியைவிட இரண்டாவது பெட்டி அவ்வளவு சீக்கிரம் தயாரானதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கியூப்சாட்டோடு ஒப்பிட்டால் போயம் எங்களுக்கு நெருக்கம். பேட்டரியும் சூரியத் தகடும் நம் தலைவலி இல்லை. அந்தத் தலைவலிதான் பாடமே என்று எங்கள் மின்னணுவியல் பையன் வாதாடுகிறான். அவன் சொல்வதில் பாதி உண்மை. அதிர்வு, வெப்பம், ஆவி விடாத பொருள் என்ற சோதனைகள் இங்கேயும் குறையாது, ஏறிப் போவது அதே ராக்கெட்டில்தான்.

கேன்சாட்

இதற்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. 350 மில்லி குளிர்பானக் கேனுக்குள் உணரிகள், ரேடியோ, பாராசூட். யோசனை அதே பாப் ட்விக்ஸுடையது, 1998-ல் சொன்னது. ட்ரோனிலிருந்தோ மாதிரி ராக்கெட்டிலிருந்தோ போட்டால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடியும். நாங்கள் சென்ற வருடம் செய்தோம். தேயிலைத் தோட்டத்தில் விழுந்த கேனைத் தேட அரை நாள் ஆனது, விழுந்த இடத்தை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் கொழுந்து பறிக்கும் அம்மாக்கள். இதைச் செய்யாத குழு வேறு எதையும் தொடக் கூடாது, செய்த குழு இதையே திரும்பச் செய்யக் கூடாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: வெலிங்டன் ராணுவ முகாமும் அருவங்காடு வெடிமருந்து ஆலையும் இருக்கிற பக்கம் வரைபடத்தில் மண்டலம் பார்க்காமல் ட்ரோனைத் தூக்கிவிடாதீர்கள்.

பலூன்

என் சாய்வு இங்கேதான்.

வானிலைத் துறை விடுவது போன்ற லேடக்ஸ் பலூன், கீழே பாராசூட், அதற்கும் கீழே தெர்மாகோல் பெட்டி. நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறி, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் 30 கிலோமீட்டரை எட்டும். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு. பலூன் விரிந்து விரிந்து வெடிக்கும், பெட்டி பாராசூட்டில் இறங்கும். இது விண்வெளி இல்லை. விண்வெளி 100 கிலோமீட்டரில் தொடங்குகிறது என்பதுதான் பொதுக் கணக்கு. ராக்கெட் அதிர்வு இல்லை, சுற்றுப்பாதை இல்லை, எடையின்மையும் இல்லை. பத்திரிகையில் ‘விண்வெளிக்குச் செயற்கைக்கோள் அனுப்பிய மாணவர்கள்’ என்று போட்டால் நானே மறுப்புக் கடிதம் எழுதுவேன்.

ஆனால் கருவிக்கு அது படும் பாடு உண்மை. நம் அட்சத்தில் 17 கிலோமீட்டர் வாக்கில் வெளியே மைனஸ் 80 டிகிரி. சாதாரண பேட்டரி அங்கே சுருண்டுவிடும், மைனஸ் 40 வரை தாங்கும் ஒருமுறை பயன்பாட்டு லித்தியம் பேட்டரி வேண்டும். அதைத் தாண்டிய உயரத்தில் குளிர் குறையும், ஆனால் காற்று இல்லாததால் ரெகுலேட்டர் கொதிக்கும். ஒரே பயணத்தில் இரண்டு சோதனை. பல ஜி.பி.எஸ். சில்லுகள் 18 கிலோமீட்டர் தாண்டியதும் வாயை மூடிக்கொள்ளும். ஏவுகணைக்குப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்கான பழைய தடை அது. சில்லை விமான முறைக்கு மாற்றினால் பேசும். மாற்ற மறந்த குழுக்கள் பெட்டியை எங்கே தேடுவது என்று தெரியாமல் நின்றிருக்கின்றன. தகவல் அனுப்ப 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் லோரா ரேடியோவுக்கு இந்தியாவில் உரிமம் வேண்டாம். பிள்ளைகள் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வு எழுதிவிட்டால் அமெச்சூர் அலைவரிசையும் திறக்கும். ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் 1970-லிருந்து காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் போய் டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க வேண்டாம் என்று எங்கள் ஆய்வகச் சுவரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம்.

அளப்பதற்கு என்ன வைப்பது? மலைக்காரர்களுக்குக் கைமேல் விடை இருக்கிறது. ஊட்டியில் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. கோலார் தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் ஒரு காலத்தில் புரோட்டான் சிதைவைத் தேடிய குழாய்கள்தான் இங்கே காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணுகின்றன. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் நின்ற ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அவர்கள் மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணக்கிட்டார்கள். நம் பெட்டியில் கதிர்களை எண்ணும் ஒரு கைகர் குழாய் வைத்தால் போதும். ஏற ஏறக் கதிர் எண்ணிக்கை கூடும், 15 முதல் 20 கிலோமீட்டர் உயரத்தில் உச்சம் தொடும், அதற்கு மேல் குறையும். 1930-களில் ரெகனரும் ஃபோட்சரும் கண்ட வளைவு அது. சொந்தப் பெட்டியிலிருந்து வரும் எண்களை வைத்து அந்தத் திருப்பத்தைக் கிராஃபில் பார்க்கும் மாணவனுக்கு நான் வேறு பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எங்கிருந்து விடுவது என்பதில் நான் முதலில் தவறாக யோசித்தேன். தொட்டபெட்டா 2637 மீட்டர், அங்கிருந்து விட்டால் இரண்டரை கிலோமீட்டர் லாபம் என்று ஒரு கணக்கு போட்டேன். லாபம் ஒன்றுமில்லை. பலூனுக்கு அது எட்டொன்பது நிமிட ஏற்றம், அவ்வளவே. விழும் இடம்தான் விஷயம். வடக்கே முதுமலைப் புலிகள் காப்பகம், மேற்கே முக்கூர்த்தி, அதைத் தாண்டினால் அமைதிப் பள்ளத்தாக்கு. பெட்டியை எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், யானை அனுமதியும் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து கடுங்காற்று அடிக்கும். அந்த மாதங்களில் விட்டால் பெட்டி கேரளத்துக்கோ அரபிக்கடலுக்கோ போகும். அதனால் மலையிலிருந்து விடக் கூடாது. கீழே, கிழக்கே தாராபுரம், கரூர்ப் பக்கத்துத் திறந்த வெளியிலிருந்து, பருவமழை தொடங்கும் முன்பே விட வேண்டும். வாயு சிலிண்டரை மலையேற்றும் தொல்லையும் மிச்சம். பழனி மலைக்காரர்களுக்கும் இதே கணக்குதான், அவர்கள் வத்தலக்குண்டுக்கு இறங்கினால் போதும்.

தொட்டபெட்டா வேறொரு வேலைக்கு உதவும். பலூன் வானத்தில் இருக்கும்போது அங்கே ஒரு ஆன்டெனாவோடு இரண்டு பேர் நின்றால், கிழக்கே 200 கிலோமீட்டர் வரை தடையில்லாமல் கேட்கலாம். கேத்திப் பள்ளத்தில் இருக்கும் எங்கள் மாணவன் வீட்டு மாடியிலிருந்து கேட்டால் எதிர்மலைதான் கேட்கும்.

இதன் பெரிய கஷ்டம் அனுமதி. விமானப் போக்குவரத்து இயக்குநரகம், கோவை விமான நிலையக் கட்டுப்பாடு, சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அவர்களும், இறங்கும் மாவட்டங்களின் காவல் துறையும். இவர்கள் தலையசைக்காமல் பலூனை விடுவது குற்றம் மட்டுமல்ல, விமானத்துக்கு ஆபத்து. கடிதப் போக்குவரத்துக்கு ஒரு செமஸ்டரை அப்படியே ஒதுக்குங்கள். பெட்டியைக் கட்டும் கையும் கடிதம் எழுதும் கையும் வேறு வேறாக இருப்பது நல்லது.

எங்கள் முடிவு

போன வெள்ளிக்கிழமை வர்க்கியும் டீயும் வைத்துக்கொண்டு முடிவெடுத்தோம். பலூன்தான். ஆனால் பெட்டிக்குள் இருப்பது கியூப்சாட் அளவில், பத்து சென்டிமீட்டர் சட்டத்துக்குள், ஜம்பர் ஒயர் ஒன்றுகூட இல்லாமல். ஆன்டெனாவை நரம்பு கட்டி மடக்கி வைத்து 20 கிலோமீட்டரில் நிக்ரோம் கம்பியால் விடுவிப்போம். அறுந்ததா இல்லையா என்று பெட்டியைக் கையில் வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது பயணத்துக்குப் பிறகு அதே கைகர் கருவியைப் போயம் விண்ணப்பமாக எழுதுவது அடுத்த வகுப்புப் பிள்ளைகளின் வேலை. மேலிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்கும் தரை நிலையம் இன்றே தொடங்கும். விண்வெளி நிலையம் ஊட்டிக்கு மேல் போகும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் ஏதாவது பேசினால் கேட்பதே முதல் பயிற்சி.

மின்னணுவியல் பையன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. “சார், திரும்பி வர்றதைப் போய்ச் செயற்கைக்கோள்னு எப்படி சார் சொல்றது?” என்கிறான். சொல்ல வேண்டாம் என்றேன். சூரியத் தகடும் சார்ஜ் கட்டுப்பாடும் அவன் பொறுப்பு. பலூனுக்கு அவை தேவையில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 200 கிராம் ஒதுக்கியிருக்கிறோம்.

உடனடிக் கவலை வேறு. சேரிங்கிராஸ் பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்காரர் ஃபிரீசரை மார்ச் வரைதான் தருவேன் என்கிறார். ஏப்ரலில் சீசன் தொடங்கிவிடும், அப்புறம் அதில் எங்கள் பெட்டிக்கு இடமிருக்காது. மைனஸ் 80-க்குக் கோவையிலிருந்து உலர்பனி ஏற்றிவர வேண்டும், அதற்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.